பன்னிரண்டு வயதுக்குப் பின்: செந்தூல் தமிழரும் நூல் வாசிப்பும்

நூல் வாசிப்பின் நன்மைகளை அடுக்கிச் சொல்லும் எழுத்துகளுக்குத் தமிழில் என்றும் பஞ்சமிருந்ததில்லை. நினைவாற்றல் பெருகும், சொல்வளம் கூடும், மனம் அமைதியுறும், ஆயுள் நீளும் என்று நீளும் அப்பட்டியல்களில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. ஆனால் இரண்டு கேள்விகள் அவற்றில் பெரும்பாலும் எழுப்பப்படுவதே இல்லை. எவ்வளவு வாசித்தால் அந்தப் பயன் கிட்டும் என்பது ஒன்று. எந்த மொழியில் வாசித்தால் எந்தப் பயன் கிட்டும் என்பது மற்றொன்று. ஒரே மொழியில் வளர்ந்து, அதிலேயே கற்று, அதிலேயே வேலை பார்த்து ஓய்வுபெறும் மக்களுக்கு இரண்டாவது கேள்வி தேவைப்படாமல் போகலாம். வீட்டில் தமிழும் பள்ளியில் மலாயும் அலுவலகத்தில் ஆங்கிலமுமாக நாளைக் கழிக்கும் கோலாலம்பூர்த் தமிழருக்கோ அதுவே முதற்கேள்வி.

அக்கேள்வியை ஆராய்வதற்குக் கோலாலம்பூரின் செந்தூல் வட்டாரம் பொருத்தமான இடம். இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் ஐக்கிய மலாய் மாநிலங்களின் ரயில்வே நிர்வாகம் தன் தலைமைப் பட்டறையை அங்கே அமைத்தது முதல், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும், யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலக் கல்வியோடு வந்து எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் அமர்ந்தவர்களும் அதைச் சுற்றிக் குடியேறினர். ரயில் பாதையின் மறுமுனையில் இருந்த பிரிக்பீல்ட்ஸிலும் இதே கலவை உருவாகியது. யாழ்ப்பாணத் தமிழர் 1904இல் பிரிக்பீல்ட்ஸில் விவேகானந்தர் ஆசிரமத்தை நிறுவினர். பிற்காலத்தில் அதன் நிழலில் தமிழ்ப்பள்ளியும் எழுந்தது. எழுத்தோடு பழகிய சிறுபான்மையும், கேள்வியறிவையே பெரிதும் நம்பி வாழ்ந்த பெரும்பான்மையும் ஒரே தெருவில், ஒரே கோயிலில், ஒரே சம்பள நாளில் கலந்து வாழ்ந்த சமுதாயம் அது. இங்கு வாசிப்பு தனியொருவரின் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை என்பதைப் பின்னர் காணலாம். இன்றைய வாசகரின் நிலையை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

மலேசியாவில் தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கப்பட்ட தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. இன்று நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. செந்தூல் வட்டாரத்துத் தம்புசாமிப் பிள்ளை தமிழ்ப்பள்ளி அவற்றுள் ஒன்று. அங்கே ஒரு பிள்ளை கணிதம் முதல் நன்னெறிக் கல்வி வரை பல பாடங்களைத் தமிழிலேயே படிக்கிறது. ஆனால் தமிழ்ப்பள்ளி என்பது ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும் அமைப்பு. பன்னிரண்டு வயது நிரம்பியதும் அப்பிள்ளை நேரடியாகப் படிவம் ஒன்றுக்கோ, மலாய்மொழித் தேர்ச்சி போதாதெனில் ஓராண்டுப் புகுமுக வகுப்புக்கோ சென்று, மலாயைப் பயிற்றுமொழியாகக் கொண்ட இடைநிலைப்பள்ளியில் சேர்கிறது. அங்கே தமிழ் ஒரு பாடமாகச் சுருங்கிவிடுகிறது; அதுவும் குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால்தான் வகுப்பு நடைபெற வழியுண்டு என்பது கல்விச் சட்டத்தின் ஏற்பாடு. ஆசிரியர் கிடைக்காத பள்ளிகளிலும், அட்டவணையில் இடமில்லாமல் வகுப்பைப் பிற்பகலுக்குத் தள்ளிவிடும் பள்ளிகளிலும் அந்த ஒரு பாடமும் ஆட்டம் காண்கிறது. ஆக, பன்னிரண்டு வயதுக்குப் பின் எழுத்துத் தமிழை அன்றாடம் சந்திக்கும் கட்டாயம் அப்பிள்ளைக்கு ஏறக்குறைய இல்லை. எஞ்சியிருப்பது அப்பிள்ளையே விரும்பிக் கையிலெடுக்கும் நூலும் இதழும்தான்.

‘வீட்டில்தான் தமிழ் பேசுகிறோமே’ என்று இதற்குப் பெற்றோர் பலர் விடை சொல்வதுண்டு. அவ்விடை போதாது என்பதற்குக் காரணம் தமிழின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரே மொழி பேச்சில் ஒரு வடிவமாகவும் எழுத்தில் வேறொரு வடிவமாகவும் வழங்கி, எழுத்து வடிவம் எவருக்கும் தாய்மடியில் கிட்டாமல் கல்வியால் மட்டுமே கைவரும் நிலையை மொழியியலார் இரட்டை வழக்கு என்பர். ‘அவன் வந்துட்டான்னு அம்மா சொன்னாங்க’ என்று நூறு முறை கேட்ட பிள்ளைக்கு, ‘அவன் வந்துவிட்டதாகத் தாயார் தெரிவித்தார்’ என்ற வரி அச்சில்தான் கிடைக்கிறது. செய்தித்தாளின் சாதாரணச் செய்தியொன்றே நான்கைந்து எச்சங்களை அடுக்கி, இடையில் பெயரெச்சத் தொடர் ஒன்றைச் செருகி, முடிவில்தான் வினைமுற்றைத் தருகிறது. யார் செய்தது என்பதை வரியின் தொடக்கத்திலிருந்து மனத்தில் சுமந்து வந்தால்தான் என்ன செய்தார் என்பது விளங்கும். இந்தச் சுமக்கும் திறன் பேச்சைக் கேட்டு வருவதில்லை. மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் இயல்பாகக் கலந்துவரும் கிள்ளான் பள்ளத்தாக்குப் பேச்சுத் தமிழ் உயிர்ப்பான மொழிதான், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அதை மட்டும் அறிந்த ஒருவருக்கு ஒரு நாவலின் முதற்பக்கமே அந்நிய மொழியாகத் தோன்றும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த ஒருவர் முப்பது வயதில் திருமண அழைப்பிதழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலை இப்படித்தான் உண்டாகிறது.

எவ்வளவு வாசிப்பது என்ற முதற்கேள்விக்கு வருவோம். இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஆண்டர்சனும் உடன் ஆய்வாளரும் 1988இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஐந்தாம் வகுப்பு மாணவர் 155 பேர் பள்ளிக்கு வெளியே என்ன செய்கிறார்கள் என்பதை நாள்தோறும் பதியச் செய்து கணக்கிட்டது. நூறு பேரை வாசிப்பு நேரத்தின்படி வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் பிள்ளை நாளொன்றுக்கு நூல் வாசித்த நேரம் ஐந்து நிமிடத்திற்கும் சற்றுக் குறைவு. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,82,000 சொற்கள். முதல் பத்துப் பேருக்குள் வரும் பிள்ளை வாசித்ததோ 21 நிமிடம். ஆண்டுக்கு ஏறத்தாழ 18 இலட்சம் சொற்கள். கடைசிப் பத்தில் இருக்கும் பிள்ளையின் கணக்கு ஆண்டுக்கு 8,000 சொற்களோடு நின்றுவிட்டது. வாசிப்புப் பழக்கம் என்ற பேச்சில் மணிக்கணக்கான தவம் எதுவும் கோரப்படவில்லை என்பதும், கால் மணி நேர வேறுபாடு ஆண்டிறுதியில் பல இலட்சம் சொற்களாகப் பெருகுகிறது என்பதும் இவ்வெண்களில் தெரிகின்றன.

அச்சொற்கள் எத்தகையவை என்பதை டொனால்ட் ஹேய்ஸ், மார்கரெட் ஆரன்ஸ் என்னும் இருவர் அதே 1988இல் ஆராய்ந்தனர். ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் பத்தாயிரம் சொற்களுக்கு அப்பாற்பட்டவற்றை அரிய சொற்கள் எனக் கொண்டு, ஆயிரம் சொற்களுக்கு எத்தனை அரிய சொற்கள் வருகின்றன என்று எண்ணிய அவர்கள், பட்டதாரிகள் நண்பரோடு பேசும் பேச்சில் 17 என்றும், தொலைக்காட்சியின் முதன்மை நேர நிகழ்ச்சிகளில் 23 என்றும், சிறுவர் நூல்களில் 31 என்றும், செய்தித்தாள்களில் 68 என்றும் கண்டனர். படித்த பெரியவர்களின் உரையாடலைக் காட்டிலும் சிறுவர் கதை நூல் சொல்வளம் மிக்கது. இவை ஆங்கிலத்திற்கான கணக்குகள் என்பதை மறக்கலாகாது. ஆனால் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடைவெளி இன்னும் அகன்ற தமிழில் இவ்வேறுபாடு குறைவாக இருக்கக் காரணமில்லை.

இங்கிருந்துதான் கீத் ஸ்டானோவிச் என்னும் கனடிய உளவியலார் 1986இல் விளக்கிய மத்தேயு விளைவு பிறக்கிறது. உள்ளவனுக்கு மேலும் கொடுக்கப்படும், இல்லாதவனிடமிருந்து உள்ளதும் பறிக்கப்படும் என்னும் கருத்து மத்தேயு நற்செய்தியில் வருவதால் இப்பெயர். சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கு வாசிப்பு இனிக்கிறது, இனிப்பதால் மேலும் வாசிக்கிறது, அதனால் சொல்லும் பொதுஅறிவும் சேர்ந்து அடுத்த நூல் இன்னும் எளிதாகிறது. தடுமாறும் பிள்ளைக்கு எல்லாம் நேர்மாறாக நிகழ்கிறது. தமிழ்ப்பள்ளி மாணவருக்கு இவ்விளைவு பன்னிரண்டு வயதில் மிகக் கூர்மையாகச் செயல்படுகிறது. ஆறாம் ஆண்டு முடிவதற்குள் தமிழ்க் கதை நூலைத் தடையின்றி வாசித்து மகிழும் கட்டத்தை எட்டிவிட்ட பிள்ளை, பள்ளி கைவிட்ட பின்னும் தானே தொடர்கிறது. அக்கட்டத்திற்குச் சற்று முன்னரே நின்றுவிட்ட பிள்ளை, தேர்வில் நல்ல புள்ளி பெற்றிருந்தாலும், சில ஆண்டுகளில் வாசிப்பை விட்டு முற்றாக விலகிவிடுகிறது. ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு 2021இல் கைவிடப்படும் வரை அதன் முடிவுகளைக் கொண்டாடிவந்த சமுதாயம் இந்த வேறுபாட்டை அளக்க எந்தக் கருவியும் வைத்திருக்கவில்லை.

மூளையியல் தரும் செய்தி சற்று வேறு வகையானது. பேச்சுக்கென மனித மூளையில் இயற்கையான ஆயத்தம் உண்டு; எழுத்து தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆனதால் வாசிப்புக்கென அப்படி ஒன்றும் இல்லை. பொருள்களையும் முகங்களையும் அடையாளங்காணும் பார்வைப் பகுதிகளில் ஒரு கூறை எழுத்துக்காக மாற்றியமைத்துக்கொண்டே ஒருவர் வாசிக்கக் கற்கிறார் என்பது பிரெஞ்சு அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் முன்வைத்த கோட்பாடு. உத்தரப் பிரதேசத்தில் எழுத்தறியாத கிராமத்தவருக்கு ஆறு மாதம் தேவநாகரி எழுத்தைக் கற்பித்து, முன்னும் பின்னும் அவர்களுடைய மூளையைப் படமெடுத்து ஒப்பிட்ட ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது; முப்பது வயதை எட்டிய பெரியவர்களிடத்தும் மூளையின் ஆழ்பகுதிகள் வரை இணைப்புகள் மாறியிருந்ததை அது பதிவு செய்தது. பள்ளி நாள்களில் விட்டுப்போனதைப் பின்னர் பிடிக்க முடியாது என்று சோர்ந்திருப்போர் இந்த ஆய்வைக் கருதலாம்.

உடல்நலம், மனநலம் பற்றிய கூற்றுகளில் மட்டும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்த 3,635 பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்த யேல் பல்கலைக்கழக ஆய்வு 2016இல் வெளியானபோது, நூல் வாசிப்போர் வாசிக்காதோரைவிட ஏறத்தாழ 23 மாதங்கள் கூடுதலாக வாழ்ந்தனர் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. கல்வி, வருமானம், நோய் முதலிய வேறுபாடுகளைக் கழித்த பின்னும் தொடர்பு நிலைத்தது உண்மைதான். எனினும் இது உற்றுநோக்கல் ஆய்வே தவிர, வாசிப்பே ஆயுளை நீட்டியது என்பதற்கு மெய்ப்பு அன்று. இலக்கியக் கதைகளை வாசித்த சில நிமிடங்களில் பிறர் மனத்தை உணரும் திறன் கூடுகிறது என்று 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த புகழ்பெற்ற சோதனை, பிறர் மீண்டும் செய்து பார்த்தபோது நிலைக்கவில்லை. ஆறு நிமிட வாசிப்பு மன அழுத்தத்தை 68 விழுக்காடு குறைக்கும் என்று மேடைதோறும் சொல்லப்படும் கணக்கோ, ஆய்விதழ் எதிலும் முறையாக மதிப்பிடப்பட்டு வந்ததே இல்லை. நல்ல வழக்குக்குப் பொய்ச்சாட்சி தேவையில்லை என்பதால் இவற்றை விட்டுவிடுவதே வாசிப்புக்குச் செய்யும் மரியாதை. ஒரு கதை ஒரே மாலையில் எவரையும் அன்புடையவராக்கிவிடாது. வாழ்நாள் முழுதும் கதை வாசிப்போரிடம் பிறர் மனத்தை உணரும் திறன் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது என்பது வரை சொல்லலாம்.

வீட்டில் உள்ள நூல்களைப் பற்றிய சான்று இதைவிட வலுவானது. மரியா எவன்ஸும் உடன் ஆய்வாளரும் 27 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கட்டுரையின்படி, நூலே இல்லாத வீட்டுப் பிள்ளையைவிட ஐந்நூறு நூல்கள் உள்ள வீட்டுப் பிள்ளை சராசரியாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் கூடுதலாகக் கல்வி பெறுகிறது. பெற்றோரின் படிப்பையும் தொழிலையும் கணக்கில் கொண்ட பின்னும் இந்த வேறுபாடு நிற்கிறது. ஐந்நூறு என்ற எண் செந்தூலின் அடுக்குமாடி வீட்டுக்கு மலைப்பாகத் தோன்றலாம். ஆனால் ஒன்றுமில்லாத வீட்டில் முதலில் வந்து சேரும் சில பத்து நூல்களே மிகுந்த பயன் தருகின்றன என்பதும் அதே ஆய்வின் முடிவு.

தமிழில் வாசித்தால் மலாயும் ஆங்கிலமும் பின்தங்கும் என்ற அச்சம் பல வீடுகளில் உண்டு. ஒரு மொழியில் வளர்த்த வாசிப்புத் திறன் மற்றொரு மொழிக்கும் உதவுகிறது என்று மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979 முதல் எடுத்துரைத்த கருத்து இவ்வச்சத்திற்கு நேர் எதிரானது. பத்தியின் மையக்கருத்தைப் பிடிப்பதும், சொல்லாததை ஊகிப்பதும் எழுத்து மாறினாலும் மாறாத திறன்கள். விருப்பத்தோடு வாசிப்பது இரண்டாம் மொழியையும் வளர்க்கும் என்பதற்கு, ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியரின் வழித்தோன்றல்கள் வாழும் பிஜித் தீவிலிருந்தே நல்ல சான்று கிடைக்கிறது. வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் இருவரும் 1980களின் தொடக்கத்தில் அங்குள்ள கிராமப் பள்ளிகளில் வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதை நூல்களைக் கொண்டுவந்து குவித்தனர். எட்டு மாதத்தில் அப்பிள்ளைகளின் வாசிப்புத் திறனும் கேட்டுணரும் திறனும் வழக்கமான வேகத்தைப் போல் இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தன. இலக்கணப் பயிற்சியைக் கூட்டவில்லை, தேர்வைக் கூட்டவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் பிடித்த நூல்கள் இருந்தன, அவ்வளவே.

மலாயாத் தமிழரிடையே வாசிப்பு வேர்பிடித்த வரலாற்றிலும் இதே பாடம் இருக்கிறது. தோட்டத்து லயங்களில், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் மாலையில் செய்தித்தாளை உரக்கப் படிக்க மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்டது பரவலான வழக்கம். கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் 1924இல் ‘தமிழ் நேசன்’ இதழைத் தொடங்கினார், சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். இவ்விரண்டும் செய்தியோடு நிற்காமல் வாசகரை உருவாக்கும் பணியையும் ஏற்றன. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் ‘கதை வகுப்பு’ நடத்தினர்; சிறுகதை என்பது என்ன, எப்படித் தொடங்குவது, எங்கே முடிப்பது என்று நாளிதழ்ப் பக்கத்திலேயே பாடம் நடந்தது, வாசகர் கதை எழுதி அனுப்பினர். அதே பத்தாண்டில் கோவில்பட்டியை அடுத்த இடைசெவலிலிருந்து தமிழ் நேசனுக்குப் பணிக்கு வந்த கு. அழகிரிசாமி, கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் அமைத்து, எழுத விரும்பியவர்களை முதலில் வாசிக்கவும் வாசித்ததைக் கூடிப் பேசவும் பழக்கினார். தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே பக்கம் ஒதுக்கி ஒரு தலைமுறை எழுத்தாளரை வளர்த்தது. இவற்றில் எதுவும் வாசிப்பின் நன்மைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. வாசித்தவருக்குப் பேச ஒரு துணையையும், அடுத்த வாரம் காத்திருக்க ஒரு காரணத்தையும் கொடுத்தன.

அந்த வாசகர் திரளின் வலிமை 1950களின் நடுவில் வெளிப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, அத்துறையில் சமஸ்கிருதத்திற்கு முதன்மை தரும் பரிந்துரை வந்தது. அங்கே தமிழே இடம்பெற வேண்டும் என்று சாரங்கபாணி முரசில் குரலெழுப்பி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளரும் கடைக்காரரும் ஆசிரியரும் கொடுத்த அப்பணம் பல்கலைக்கழகத்தின் தமிழ் நூலகத்திற்குப் போய்ச் சேர்ந்தது. பல்கலைக்கழகத்தில் கால் வைக்கும் வாய்ப்பே இல்லாத மக்கள், தாங்கள் ஒருநாளும் அமரப்போகாத நூலகத்திற்கு நூல் வாங்கிக் கொடுத்தார்கள் என்பது தமிழ்நாட்டிலும் அரிதான நிகழ்வு. அத்துறையின் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகள் 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். 1969இல் இராம சுப்பையா மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் ‘தமிழ் மலேசியானா’ என்ற அட்டவணையை அந்நூலகத்தின் வழியே வெளியிட்டார்.

பின்னர் அந்த வாசிப்பு வட்டங்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாக மாறியும் மக்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறநகர்களுக்குச் சிதறினர். உரக்கப் படிப்பதைக் கேட்கக் கூடும் லயம் போயிற்று, அவ்விடத்தைத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் எடுத்துக்கொண்டன. தமிழ் நேசன் 2019இன் தொடக்கத்தில் நின்றது. திரையில் வாசித்தாலும் வாசிப்புத்தானே என்று கேட்பது நியாயமே. 1,71,000 பேரை உள்ளடக்கிய 54 ஆய்வுகளைத் தொகுத்து ஸ்பானிய, இஸ்ரேலிய ஆய்வாளர் 2018இல் கண்ட முடிவு, தகவல் சார்ந்த பகுதிகளைத் தாளில் வாசிப்போர் திரையில் வாசிப்போரைவிடக் கூடுதலாகப் புரிந்துகொள்கின்றனர், கதைகளில் அந்த வேறுபாடு இல்லை என்பதாகும். ஆகவே கைப்பேசியில் நாவல் வாசிக்கும் இளைஞரைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. 2007இல் ம. நவீன் தொடங்கிய ‘வல்லினம்’ அச்சிதழாகப் பிறந்து பின்னர் இணைய இதழாகித் தொடர்வதும், அதைச் சுற்றி இலக்கியக் கூட்டங்கள் நடப்பதும் பழைய வட்டங்களின் இயல்பு இன்னும் அழியவில்லை என்பதற்கு அடையாளம்.

அரசின் முயற்சிகளும் குறைவில்லை. யுனெஸ்கோ 2020ஆம் ஆண்டுக்கான உலகப் புத்தகத் தலைநகராகக் கோலாலம்பூரைத் தேர்ந்தெடுத்தது. பெருந்தொற்று குறுக்கிட்டதால் அவ்வாண்டின் விழாக்கள் எதிர்பார்த்தபடி நடைபெற இயலவில்லை. 2021 முதல் 2030 வரையான காலம் தேசிய வாசிப்புப் பத்தாண்டாக அறிவிக்கப்பட்டுள்ளது. மலேசியர் ஆண்டுக்கு இரண்டு நூல் வாசித்ததாக 2005இலும், பதினைந்து நூல் வாசித்ததாக 2014இலும் தேசிய நூலகத்தின் கணிப்புகள் கூறின. கேட்டவருக்கு வாசகரே சொல்லும் எண்ணிக்கையை அப்படியே நம்ப இயலாது. பதினைந்து வயதினரின் வாசிப்புத் திறனை அளக்கும் பீசா தேர்வில் மலேசியாவின் புள்ளி 2018இல் 415ஆக இருந்து 2022இல் 388ஆக இறங்கியதும், அவ்வாண்டில் வளர்ந்த நாடுகளின் சராசரி 476ஆக இருந்ததும் நம்பத்தகுந்த அளவுகள்.

பள்ளிகளில் 1990களின் இறுதியிலிருந்து நடந்துவரும் ‘நீலம்’ வாசிப்புத் திட்டம் தனியே கவனிக்கத்தக்கது. மாணவர் வாசித்த ஒவ்வொரு நூலுக்கும் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பக்க எண்ணிக்கை, கதைச்சுருக்கம், கிடைத்த படிப்பினை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எண்ணிக்கை ஏற ஏற வெண்கலம், வெள்ளி, தங்கம், நீலம் எனப் படிநிலைகள் உயரும். நோக்கம் நல்லது, நூல்களைப் பிள்ளைகளின் கையில் சேர்த்ததும் உண்மை. ஆனால் பத்துப் பக்கக் கதைக்கும் இருநூறு பக்க நாவலுக்கும் ஒரே கணக்கு என்றால் எந்தப் பிள்ளையும் மெலிந்த நூலைத்தான் தேடும். அதற்கும் மேலாக, ஒருவர் விரும்பிச் செய்வதற்குப் பரிசு அறிவித்துவிட்டால் பரிசு நின்றபின் விருப்பமும் குன்றுகிறது என்பது மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளரும் 1973இல் படம் வரையும் மழலைகளிடம் செய்து காட்டிய புகழ்பெற்ற சோதனையின் முடிவு. கதையை முடித்த கணத்தில் ‘படிப்பினை என்ன?’ என்று கேட்கும் பதிவேடு, கதை வகுப்பு நடத்திய தமிழ் நேசனின் அணுகுமுறைக்கு நேர்மாறானது. அங்கே கதையைப் பேசினார்கள். இங்கே கணக்கு ஒப்படைக்கப்படுகிறது.

பழக்கம் என்பது மன உறுதியின் விளைவு என்று பொதுவாக எண்ணப்படுகிறது. உளவியலில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு: ஒரே சூழலில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால், அச்சூழல் வந்ததுமே சிந்திக்காமல் அச்செயல் எழும் நிலையே பழக்கம். லண்டனில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளரும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் அச்சிட்ட ஆய்வில், புதிய செயலொன்று இவ்வாறு படிவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கேற்ப 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியதால் பெருங்கேடு ஒன்றும் விளையவில்லை. எனவே ‘நேரம் கிடைக்கும்போது வாசிப்பேன்’ என்பதில் பழக்கம் பிறக்காது. இரவு உணவு முடிந்ததும், அல்லது செந்தூலிலிருந்து நகருக்குப் போகும் எல்ஆர்டியில் ஏறியதும் என்று ஏதேனும் ஒரு நிலையான தருணத்தோடு நூலைப் பிணைத்துவிட்டால் இருபது நிமிடம் தானே அமைந்துவிடும்.

எதை வாசிப்பது என்பதில் மலேசியத் தமிழருக்குத் தனியானதொரு பயன் காத்திருக்கிறது. நன்மைப் பட்டியல்களில் அது இடம்பெறுவதே இல்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரைத் திரட்டிச் சென்றதும், அவர்களில் பல்லாயிரவர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டதும் உலக வரலாற்று நூல்களில் போர்க் கைதிகளின் கதைக்கு அடிக்குறிப்பாகவே வருகின்றன. அதைத் தமிழர் பக்கமிருந்து விரிவாக அறிய ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்களைத்தான் நாட வேண்டும். தோட்ட வாழ்வை அறிய எம். குமாரனின் ‘செம்மண்ணும் நீல மலர்களும்’ உண்டு. ரயில்வே பட்டறையின் சங்கொலியில் நாளைத் தொடங்கிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், ரயில் பாதையில் மடிந்த தம் இனத்தாரைப் பற்றி அறிவதற்கு வேறு வாயில் இல்லை. எழுத்துத் தமிழ் கைநழுவிய தலைமுறைக்கு இந்த வரலாறும் சேர்ந்தே கைநழுவுகிறது.

நூல் கிடைப்பதில்லை என்ற குறை ஓரளவே பொருந்தும். அன்றைய தஞ்சை மாவட்டத்து மன்னார்குடியில் 1931இல், நூலகவியலார் எஸ். ஆர். ரங்கநாதனின் தூண்டுதலால் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நூலைத் தேடி வாசகர் வருவதற்கு முன் வாசகரைத் தேடி நூல் போக வேண்டும் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர். செந்தூலில் அதற்கு வண்டிகூடத் தேவையில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஐந்து படிகள் தேசிய நூலகத்திற்கு ஒப்படைக்கப்பட வேண்டும். அந்நூலகம் இருப்பது செந்தூல் எல்ஆர்டி நிலையத்திற்கு அடுத்த நிலையமான தித்திவங்சாவை ஒட்டிச் செல்லும் துன் ரசாக் சாலையில். அங்கிருக்கும் தமிழ் நூல்களைத் தம் வட்டாரத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வதும், கோயில் மண்டபத்திலோ சங்கக் கட்டடத்திலோ வாரம் ஒருமுறை அவர்களைக் கூட்டி, புள்ளியும் பதக்கமும் இல்லாமல், வாசித்த கதையைப் பேசவிடுவதும் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தமிழ் அமைப்புகளால் பெருஞ்செலவின்றி இயலும். பிள்ளையைப் படிவம் ஒன்றில் சேர்க்கும் பெற்றோர், பள்ளியில் தமிழ் வகுப்புக் கோரும் கடிதத்தில் கையெழுத்திடுவதோடு நின்றுவிடாமல், அவ்வாண்டிலேயே ஒரு தமிழ் நாவலையும் வீட்டுக்கு வாங்கிவர வேண்டும்.